ஒரு மார்க் விடையை அறையிலேயே சொல்லிவிட்டார்கள். புகார் கொடுக்கலாமா?

வெண்ணாற்றங்கரை · செவ்வாய், இரவு 9:12

வணக்கம். நீடாமங்கலம் பக்கம் இருக்கிறேன். விவசாயம், கூடவே ஒரு சின்ன உரக்கடை. மகள் இந்த வருஷம் பிளஸ் டூ, வணிகவியல் பிரிவு.

இன்று தேர்வு எழுதிவிட்டு வந்தவள் சாப்பிடாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். கேள்வி கஷ்டமா என்றேன். இல்லை என்றாள். பொழுது சாய்ந்த பிறகுதான் அவள் அம்மாவிடம் வாயைத் திறந்திருக்கிறாள். பதினொன்றே முக்கால் வாக்கில் அறைக் கண்காணிப்பாளர் வாசல் வரைக்கும் போய் வராந்தாவை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, ஒரு மார்க் கேள்விகளுக்கு வரிசையாக விடை சொன்னாராம். "ஒண்ணு ஆ, ரெண்டு ஈ, மூணு அ" என்று ரேஷன் கடையில் பெயர் கூப்பிடுகிற மாதிரி. இருபதையும்.

இவள் அதற்கு முன்பே எழுதி முடித்திருக்கிறாள். அவர் சொன்னதை வைத்துப் பார்த்தால் இரண்டு தப்பு. மாற்றவில்லையாம். ஏன் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. "எல்லாருக்கும் இருபது, எனக்கு மட்டும் பதினெட்டு" என்று மட்டும் சொன்னாள். அதில் வருத்தமா கோபமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

கேள்வித்தாள் வைத்திருக்கிற கட்டுக்காப்பு மையத்தைத் தாண்டித்தான் தினமும் கடை திறக்கப் போகிறேன். ராத்திரி பகலாகத் துப்பாக்கிப் போலீஸ் நிற்கிறது. கேமரா வேறு. அவ்வளவு காவல் போட்டு அறைக்குக் கொண்டுபோய் இப்படி என்றால் அந்தப் போலீஸ்காரர் யாருக்காக முழித்திருக்கிறார்?

புகார் கொடுக்கலாமா? கொடுத்தால் என் பெண்ணுக்கு ஏதாவது ஆகுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கோரையாறு · செவ்வாய், இரவு 9:40

எல்லா இடத்திலும் நடப்பதுதான் அண்ணே. நாங்கள் எழுதின காலத்தில் வெளியிலிருந்து பிட் வரும், இப்போது உள்ளேயே சொல்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். விட்டுவிட்டு உளுந்து பிடுங்குகிற வேலையைப் பாருங்கள். பாப்பாவுக்கு மூன்று பரீட்சை பாக்கி இருக்குமே, அவளைக் குழப்பாதீர்கள்.

---

பழைய ஹெச்எம் · செவ்வாய், இரவு 10:25

மன்னார்குடிப் பக்கம் அரசுப் பள்ளியில் இருந்து ஓய்வு பெற்றவன். ஒன்பது வருஷம் தேர்வு மையத்துக்கு முதன்மைக் கண்காணிப்பாளர். வெண்ணாற்றங்கரைக்கு இரண்டு கேள்வி. முதலாவதுக்குப் பதில் எனக்குத் தெரியும்: அந்தப் போலீஸ்காரர் யாருக்காக முழித்திருக்கிறார் என்பது.

கேள்வித்தாள் எந்த அச்சகத்தில் அடிக்கிறார்கள் என்று எங்களுக்கே சொல்லமாட்டார்கள். தேர்வுக்குச் சில நாள் முன்னால் மாவட்டத்துக் கட்டுக்காப்பு மையங்களில் வந்து இறங்கும். இரட்டைப் பூட்டு, ஆயுதக் காவல், வந்து போகிறவர் எல்லோருக்கும் பதிவேடு. தேர்வு நாள் காலையில் வழித்தட அலுவலர் காவலரோடு வண்டியில் வந்து, அன்றைய பாடத்துக் கட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மையம் மையமாக இறக்கிக்கொண்டு போவார். நானும் துறை அலுவலரும் தேதி, பாடம், உறைகளின் எண்ணிக்கை பார்த்துக் கையெழுத்துப் போடுவோம். ஒரு அறைக்கு 20 பேர், அதற்குத் தகுந்த உறை. முத்திரை உடையாத அந்த உறையை அறையில் இரண்டு பிள்ளைகளிடம் காட்டி, கையெழுத்து வாங்கிய பிறகுதான் வெட்ட வேண்டும். 10 மணிக்குத் தாள் கையில். 10 நிமிஷம் வாசிக்க, 5 நிமிஷம் முகப்புச் சீட்டு சரிபார்க்க. 10:15-க்கு எழுத ஆரம்பித்தால் 1:15 வரை.

ஒன்பது வருஷத்தில் திருட்டை நினைத்து நான் ஒருநாளும் தூக்கம் கெட்டதில்லை. தவறான பாடத்து உறையை யாராவது வெட்டிவிடுவார்களோ என்பதுதான் பயம். நாளை மறுநாள் தாளை இன்று ஒரு அறையில் பிரித்துவிட்டால் அந்தப் பாடத்துக்கு மாநிலம் முழுக்க வேறு தாள் தேட வேண்டும். 8 லட்சம் பிள்ளைகள். அதனால் காலையில் ஒவ்வொரு உறையின் மேலும் பாடத்தின் பெயரை வாய்விட்டு மூன்று முறை படிப்பேன். வாட்ச்மேன் கூடச் சிரிப்பார்.

ஆக, இந்த ஏற்பாடு முழுவதும் காலை 10 மணி வரைக்குமான ஏற்பாடு. மேட்டூரில் எத்தனை கனஅடி, கல்லணையில் எத்தனை கனஅடி என்று கணக்காக அளந்து விடுகிறார்கள். வாய்க்காலில் இறங்கிய பிறகு யார் வயலில் எந்த மடை திறக்கிறது என்று யார் அளக்கிறார்கள்? 10:15-க்குப் பிறகு காவல் என்பது ஒரே ஒரு ஆள். அந்த ஆள்தான் உங்கள் பெண்ணின் அறையில் விடை சொன்னவர்.

2015 மார்ச்சில் ஓசூரில் நடந்ததும் இதேதான். பிளஸ் டூ கணிதத் தேர்வின்போது அறைக் கண்காணிப்பாளர்களாக இருந்த தனியார் பள்ளி ஆசிரியர்களே கேள்வித்தாளை செல்போனில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள், கைதும் ஆனார்கள். அந்தத் தாளும் பூட்டு, போலீஸ், முத்திரை எல்லாவற்றையும் ஒழுங்காகத் தாண்டித்தான் அறைக்குள் வந்திருந்தது.

இரண்டாவது கேள்விக்கு நாளை எழுதுகிறேன். யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

---

குடந்தை டு தரமணி · செவ்வாய், இரவு 11:03

ஐயா சொன்னதைப் படித்தால் 1970-களில் நிற்கிற மாதிரி இருக்கிறது. காகிதத்தை லாரியில் ஏற்றி, போலீஸை நிறுத்தி, அரக்கு முத்திரை வைத்து... 2018-ல் சிபிஎஸ்இ-யில் பன்னிரண்டாம் வகுப்புப் பொருளியலும் பத்தாம் வகுப்புக் கணிதமும் வெளியானபோதே பாடம் படித்திருக்க வேண்டும். பொருளியலுக்கு ஏப்ரல் 25-ல் நாடு முழுக்க மறுதேர்வு வைத்தார்கள். கேள்வித்தாளைக் குறியாக்கம் செய்து காலையில் மையத்துக்கு ஆன்லைனில் அனுப்பி, கடவுச்சொல்லை அரைமணி நேரம் முன்னால் கொடுத்து, அங்கேயே பிரிண்ட் எடுத்தால் முடிந்தது. கட்டுக்காப்பு மையமே தேவையில்லை. நான் சாஃப்ட்வேர் பாதுகாப்புத் துறையில்தான் இருக்கிறேன், இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை.

---

வழித்தடம் 4 · புதன், காலை 6:15

தரமணித் தம்பிக்கு. நான் வழித்தட அலுவலராக நாலு வருஷம் போனவன். எங்கள் வழித்தடத்தில் கடைசி மையம் வேதாரண்யத்துக்குத் தெற்கே. அங்கே 380 பிள்ளைகள். பத்துப் பக்கக் கேள்வித்தாள் என்றால் 3,800 பக்கம். அரைமணி நேரத்தில் அதை அடித்து, அடுக்கி, பின் போட்டு, இருபது இருபதாக எண்ணி உறையில் போட அங்கே எந்த மெஷின் இருக்கிறது, எந்தக் கரண்ட் இருக்கிறது? ஜெராக்ஸ் மெஷினில் பேப்பர் சிக்கினால் இழுத்து எடுக்கிற ஆளும் அந்த நேரத்தில் உள்ளே நிற்பான் இல்லையா? ஒரு போலீஸ்காரரை எடுத்துவிட்டு மூன்று பேரை உள்ளே விடுகிறீர்கள். இந்த மாதிரி மையம் மாநிலத்தில் மூவாயிரத்துக்கும் மேல்.

காகிதம் என்றால் கேவலம் இல்லை தம்பி. வெட்டின உறையை மறுபடி வெட்டாத மாதிரி ஒட்ட முடியாது. அதுதான் அதன் பாதுகாப்பு.

இன்னொன்று. காலை வண்டியைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். மத்தியானம் அதே வண்டியில் விடைத்தாள் கட்டு போகிறதே, அதை யாரும் கேட்பதில்லை. 2013-ல் விருத்தாசலம் ரயில் நிலையத்தில் பத்தாம் வகுப்பு விடைத்தாள் கட்டு தண்டவாளத்தில் விழுந்து நாசமானது ஞாபகம் இருக்கிறதா? அப்போது தபாலில், ரயிலில் போய்க்கொண்டிருந்தது. 2019-ல் டிஎன்பிஎஸ்சி குரூப் 4 கதை தெரியும். ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் அழியும் மையால் எழுதிவைத்து, விடைத்தாள் சென்னைக்குப் போகிற வழியில் வண்டியிலேயே நிரப்பினார்கள். 99 பேருக்கு வாழ்நாள் தடை. கேள்வித்தாளை ஒருவரும் தொடவே இல்லை.

அதனால் மத்தியானம் எனக்கு டீ கிடையாது. டிரைவருக்கும் கிடையாது. சேகரிப்பு மையத்தில் இறக்கிக் கையெழுத்து வாங்கிய பிறகு திருத்துறைப்பூண்டியில் ஒரு கடை உண்டு, அங்கேதான் எனக்குச் சாப்பாடே.

---

குடந்தை டு தரமணி · புதன், காலை 8:50

சரி சார், பிரிண்டர் விஷயத்தில் நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அறைக்கு அறை கேமரா வைக்கலாமே? அதற்குமா கரண்ட் இல்லை?

---

வழித்தடம் 4 · புதன், காலை 9:05

வைக்கலாம். யார் உட்கார்ந்து பார்ப்பது?

---

நீட் இரண்டாம் முறை · புதன், காலை 10:30

தஞ்சாவூரில் இரண்டு தடவை நீட் எழுதியவள் நான். என் காதில் இருந்த தோட்டை வாசலிலேயே கழற்றச் சொன்னார்கள். மூக்குத்தி வரவில்லை, சோப்புத் தண்ணீர் போட்டு எடுத்தேன். அண்ணன் ஒருவருக்கு முழுக்கைச் சட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டினார்கள். தலைப் பின்னலைத் தடவிப் பார்த்தார்கள். 2015-ல் உள்ளாடைக்குள் கருவி வைத்து விடை வாங்கியதற்காக, நீட்டுக்கு முன்னால் இருந்த ஏஐபிஎம்டி மருத்துவ நுழைவுத் தேர்வையே உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததே, அதற்குப் பிறகு வந்த கெடுபிடி இது. 6 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக மறுதேர்வு வைத்தார்கள்.

அப்புறம் 2024. தோடு போட்ட பிள்ளை யாரும் பிடிபடவில்லை. ஜார்க்கண்டில் ஹசாரிபாக்கில் நீட் தேர்வு மையமாக இருந்த பள்ளிக்கு வந்த கேள்வித்தாள் பெட்டியைத் தேர்வு நாள் காலையில் திறந்து தாளைப் படமெடுத்தார்கள், அந்தப் பள்ளி முதல்வரே உடந்தை என்று சிபிஐ சொன்னது. பாட்னாவிலும் ஹசாரிபாக்கிலுமாகப் பலன் அடைந்தவர்கள் 155 பேர் என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே வந்தது. எழுதியவர்கள் 23 லட்சத்துக்கும் மேல். மறுதேர்வு தேவையில்லை என்றது நீதிமன்றம். சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஒரு மார்க்கில் இடம் போனவர்கள் ராத்திரி கணக்குப் போடுவார்கள், நானும் போட்டேன்.

என் மூக்குத்தியைக் கழற்றின கை அந்தப் பெட்டியையும் அப்படித் தடவிப் பார்த்திருக்கலாம்.

இந்தத் தங்கச்சி இரண்டு விடையை மாற்றாமல் விட்டது பெரிய காரியம் அங்கிள். அவளிடம் சொல்லுங்கள், ஒரு அக்கா சொன்னதாக.

---

கோரையாறு · புதன், காலை 11:10

2024-ல் மத்திய அரசு சட்டமே போட்டுவிட்டதே. பத்து வருஷம் ஜெயில், ஒரு கோடி அபராதம். இனிமேல் பயம் இருக்கும்.

---

பழைய ஹெச்எம் · புதன், மதியம் 2:20

அந்தச் சட்டத்தின் பட்டியலைப் பாருங்கள் கோரையாறு. யுபிஎஸ்சி, எஸ்எஸ்சி, ரயில்வே, வங்கி, தேசியத் தேர்வு முகமை (என்டிஏ) நடத்துகிற தேர்வுகள், மத்திய அமைச்சகங்கள். பள்ளிப் பொதுத் தேர்வு அதில் இல்லை. ஒரு கோடி அபராதமும் கும்பல் வைத்து நடத்துகிறவர்களுக்கும், தேர்வு நடத்தித் தருகிற நிறுவனங்களுக்கும்தான். வாசலை எட்டிப் பார்த்துவிட்டு "ஒண்ணு ஆ" என்கிற ஆளுக்கு அது பொருந்தாது. அவர் பணம் வாங்கியிருக்கமாட்டார் என்றே நினைக்கிறேன். அதுதான் இதில் சிக்கல்.

---

மெட்ரிக் டீச்சர் · புதன், மாலை 5:48

நான் பேசாமல் இருக்கலாம் என்று பார்த்தேன். "பணம் வாங்கியிருக்கமாட்டார்" என்று சார் எழுதியதைப் படித்த பிறகு முடியவில்லை.

தனியார் பள்ளியில் பதினோரு வருஷமாக வேதியியல் எடுக்கிறேன். எந்தப் பள்ளி, எந்த ஊர் என்று கேட்காதீர்கள். கண்காணிப்புப் பணிக்கு வேறு பள்ளிக்குத்தான் போடுவார்கள். அறை எது என்று அன்று காலையில் குலுக்கல். நாங்கள் நடத்துகிற பாடத்தன்று எங்களுக்குப் பணி கிடையாது. விதி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் என் பள்ளிப் பிள்ளைகள் இருக்கிற மையத்துக்கு இன்னொரு பள்ளி ஆசிரியர்கள் வருகிறார்கள், அவர்கள் பிள்ளைகள் இருக்கிற மையத்துக்கு நாங்கள் போகிறோம். மார்ச் மாதம் பிறந்தால் தாளாளர் அறையில் ஒரு கூட்டம் நடக்கும். வெளிப்படையாக ஒரு வார்த்தை வராது. "அவங்க நம்ம பிள்ளைங்களை நல்லா பாத்துக்கிறாங்க, நீங்களும் கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க." அவ்வளவுதான். அனுசரிப்பது என்றால் என்ன என்று யாரும் கேட்டுக்கொள்வதில்லை. முதல் வருஷம் நான் கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள்.

தேர்ச்சி சதவீதம் நூறு என்றால் வாசலில் பேனர், ஜூனில் சேர்க்கை. 98 என்றால் அந்த இரண்டு பிள்ளை யார் வகுப்பு என்று கேட்பார்கள். எனக்கு ஏப்ரல், மே சம்பளம் உண்டா இல்லையா என்பது அந்தக் கேள்வியில் இருக்கிறது.

அரசுப் பள்ளியிலும் இது இல்லாமல் இல்லை சார், கோபித்துக்கொள்ளாதீர்கள். 2017-ல் மாணவர்களுக்கு முதலிடம், இரண்டாமிடம் அறிவிப்பதை நிறுத்தினார்கள். நல்ல காரியம். ஆனால் மாவட்ட வாரியான சதவீதம் இன்னமும் முதல் பக்கத்தில் வருகிறது. மாநிலச் சராசரியே 95 தொட்டுவிட்ட பிறகு பின்தங்கிய மாவட்டத்தின் அதிகாரிக்கு என்ன நெருக்கடி இருக்கும்? அது தலைமையாசிரியர் கூட்டத்துக்கு வரும், அங்கிருந்து வகுப்புக்கு வரும், கடைசியில் அறை வாசலை எட்டிப் பார்க்கிறவர் வரைக்கும் வரும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2019 மார்ச். கஜா புயல் அடித்து மூன்றரை மாதம். கடலோரத்து மையம் ஒன்றில் எனக்குப் பணி. அரையாண்டுக்கு முன்னால் புத்தகம் எல்லாம் தண்ணீரில் ஊறிப் போய், புதுப் புத்தகம் வாங்கிப் படித்த பிள்ளைகள். ஒரு பையன் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வீட்டில் இருந்த தென்னை ஒன்றுகூட நிற்கவில்லை என்று பின்னால்தான் கேள்விப்பட்டேன். நான் அவனுக்கு நாலு விடை சொன்னேன். அவனுக்கு மட்டும். பக்கத்துப் பெஞ்சில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். அவள் வீட்டுக் கூரையும்தான் போயிருக்கும்.

அந்தப் பெண் பார்த்த பார்வைதான் இன்றைக்கும் நிற்கிறது. பையன் முகம் மறந்துவிட்டது.

---

சட்டம் படித்தவன் · புதன், இரவு 8:15

டீச்சர் மனம் விட்டுப் பேசியதை மதிக்கிறேன். ஆனாலும் இது குற்றம்தான். இருபது பேர் இருக்கிற அறையில் ஒருவர் விடை சொன்னால் இருபது சாட்சி இருக்கிறது. வெண்ணாற்றங்கரை அண்ணன் நாளைக்கே முதன்மைக் கல்வி அலுவலருக்கு எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். அறை எண், பதிவெண் எல்லாம் போட்டு.

---

பழைய ஹெச்எம் · புதன், இரவு 9:30

வேண்டாம். அவசரப்படாதீர்கள். இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

2023-ல் நீலகிரியில் ஒரு மையத்தில் பிளஸ் டூ கணிதத் தேர்வில் ஆசிரியர்கள் உதவினார்கள் என்று புகார் போனது. ஆசிரியர்கள் மேல் நடவடிக்கை எடுத்தார்கள். மே மாதம் முடிவு வந்தபோது அந்த மையத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் கணித முடிவை நிறுத்தி வைத்துவிட்டார்கள். அதில் உதவி வாங்கினவன் யார், தானாக எழுதினவன் யார்? கல்லூரிக்கு விண்ணப்பம் போடுகிற நேரத்தில் மதிப்பெண் இல்லாமல் பெற்றோர் அலைந்தார்கள்.

இது வெண்ணாற்றங்கரையைப் பயமுறுத்துவதற்காக இல்லை. இலாகாவுக்கு வேறு வழியும் இல்லை, சந்தேகம் என்று வந்தால் தாளைத் தனியே எடுத்து வைத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் விளைவு என்ன? எந்தப் பெற்றோரும் புகார் கொடுக்கமாட்டார். அறையில் இருக்கிற இருபது சாட்சியும் வாயைத் திறக்காது. வாயைத் திறந்தால் அவர்கள் முடிவுதான் முதலில் நிற்கும். சாட்சியையே பிணையாக வைத்திருக்கிற ஏற்பாடு இது. பூட்டுக்கும் முத்திரைக்கும் இத்தனை விதி எழுதியவர்கள், உண்மையைச் சொல்கிற பிள்ளையைக் காப்பாற்ற ஒரு வரி எழுதவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

---

சட்டம் படித்தவன் · புதன், இரவு 9:52

அப்படியானால் பேசாமல் இருக்கச் சொல்கிறீர்களா ஐயா? இதைத்தானே முதலில் கோரையாறும் சொன்னார்.

---

முகாம் மேசை · புதன், இரவு 10:40

குறுக்கே வருகிறேன். விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போகிற ஆசிரியர். கணக்குப்பதிவியல்.

புகார் இல்லாவிட்டால் தெரியாது என்று நினைக்கிறார்கள். எங்களுக்குத் தெரியும். தாள் எங்கள் கைக்கு வரும்போது பெயரும் பள்ளியும் இருக்காது. படமும் பார்கோடும் உள்ள முகப்புச் சீட்டைக் கிழித்துவிட்டு டம்மி எண் போட்டுவிடுவார்கள். எந்த ஊர்த் தாள் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். ஆனால் சரியான விடை யாரையும் காட்டிக்கொடுக்காது, தப்பான விடை காட்டிக்கொடுத்துவிடும். ஒரு வருஷம் தேய்மானக் கணக்கு ஒன்று. 12,600 வர வேண்டிய இடத்தில் அடுத்தடுத்து பதினாறு தாளில் 16,200. ஒருவன் கவனக்குறைவில் இலக்கத்தை மாற்றிப் போடலாம். பதினாறு பேரும் அதே இடத்தில் மாற்றிப் போடுவார்களா? அதுவும் மேலே இருக்கிற படிகளில் 12,600 வருகிற மாதிரியே எண்களை எழுதிவிட்டு, கடைசி வரியில் மட்டும். யாரோ வாயால் சொன்னதைக் காதால் கேட்டு எழுதியது அது.

ஏ, பி என்று இரண்டு வகைத் தாள் வந்த பாடங்களில் இன்னும் வேடிக்கை. ஏ வகைக்கான விடை வரிசையை பி வகைத் தாளில் அப்படியே எழுதி வைத்திருப்பார்கள். பதினைந்துக்கு மூன்று. பாவம், தானாக எழுதியிருந்தால் ஏழு மார்க்காவது வாங்கியிருப்பான்.

அந்தப் பதினாறு தாளை முதன்மைத் தேர்வாளரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "படிக்குத் தகுந்த மார்க் போடுங்க சார், விடைக்குறிப்புப்படி போங்க" என்றார். போட்டேன். அதற்கு மேல் எழுதிக் கொடுத்தால் முகாம் முடிய இன்னும் நாலு நாள் ஆகும், பதினாறு பிள்ளை முடிவு நிற்கும், எங்கள் இரண்டு பேருக்கும் விளக்கம் கேட்டு ஓலை வரும். அவரும் கெட்டவர் இல்லை.

---

வெண்ணாற்றங்கரை · வியாழன், காலை 5:30

எல்லாவற்றையும் படித்தேன். ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. மகளிடமும் கேட்டேன், புகார் கொடுக்கட்டுமா என்று. "கொடுத்தா என் கூடப் படிக்கிறவங்க எல்லாருக்கும் ரிசல்ட் நிக்குமாப்பா?" என்றாள். நீலகிரி விஷயத்தை நான் அவளிடம் சொல்லவே இல்லை. பிள்ளைகளுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது.

நாளைக்குப் பொருளியல். ஹெச்எம் ஐயா, உங்கள் பிள்ளையாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

---

பழைய ஹெச்எம் · வியாழன், காலை 7:10

என் பேத்தியாக இருந்தால் இப்படிச் செய்வேன். நடந்ததை விசாரிக்கச் சொல்லமாட்டேன். நடக்கப் போவதைத் தடுக்கச் சொல்வேன்.

ஒவ்வொரு வருஷமும் தேர்வு நேரத்தில் அரசுத் தேர்வுகள் இயக்ககம் கட்டுப்பாட்டு அறை வைத்துத் தொலைபேசி எண்களை அறிவிக்கும், பத்திரிகையில் வந்திருக்கும். கூப்பிட்டு மையத்தின் பெயரை மட்டும் சொல்லுங்கள். பிள்ளை பெயர், பதிவெண், அறை எண் எதுவும் வேண்டாம். "இந்த மையத்தில் பதினொன்றரை மணிக்கு மேல் ஆள் நடமாட்டம் சரியில்லை, மீதித் தேர்வுக்கு நிலையான படை போடுங்கள்" என்று கேளுங்கள். பறக்கும் படை வந்தால் பத்து நிமிஷம், வண்டிச் சத்தம் கேட்டதும் எல்லோரும் சாமியார். நிலையான படை என்றால் மூன்று மணி நேரமும் அங்கேயே இருக்கும். அதைத்தான் கேட்க வேண்டும், வார்த்தை முக்கியம்.

கூடவே மையத்து முதன்மைக் கண்காணிப்பாளரை இன்றே நேரில் பாருங்கள். சண்டைக்குப் போகாதீர்கள். "ஐயா, செவ்வாய்க்கிழமை பிள்ளைங்க வந்து ஒரு விஷயம் பேசிக்கிறாங்க" என்று சொன்னால் போதும். அவருக்குப் புரியும். ஒன்பது வருஷத்தில் என்னிடம் அப்படி ஒரே ஒருவர்தான் வந்தார், பாமணியாற்றங்கரைக்காரர், சைக்கிளில். அன்றைக்கே குலுக்கல் சீட்டை மறுபடி எழுதினேன். வராத வருஷங்களில் எதுவும் நடக்கவில்லை என்று என்னால் சொல்ல முடியாது.

---

சட்டம் படித்தவன் · வியாழன், காலை 7:45

இது மூடி மறைக்கிற வேலை ஐயா. செவ்வாய்க்கிழமை சொன்ன ஆள் அடுத்த வருஷம் வேறு மையத்தில் சொல்வார். எனக்கு உடன்பாடு இல்லை.

---

பழைய ஹெச்எம் · வியாழன், காலை 8:02

சொல்வார்தான். நீங்கள் சொல்வது சரி. எனக்கும் அதில் திருப்தி இல்லை. முடிவெல்லாம் வந்த பிறகு, ஜூனில், அந்த ஆளைப் பற்றி எழுதிக் கொடுக்கலாம். அப்போது யாரும் கேட்பார்களா என்பது வேறு விஷயம்.

---

மெட்ரிக் டீச்சர் · வியாழன், காலை 8:20

நேரில் போய்ச் சொல்லுங்கள் அண்ணா. யாராவது கவனிக்கிறார்கள் என்று தெரிந்தால் எங்களுக்கும் ஒரு சாக்கு கிடைக்கும். தாளாளரிடம் "அங்க ரொம்ப ஸ்டிரிக்ட் சார், ஒண்ணும் பண்ண முடியலை" என்று சொல்லிக்கொள்வோம். நான் அந்தச் சாக்குக்காகக் காத்திருந்த வருஷங்கள் உண்டு.

---

வெண்ணாற்றங்கரை · வெள்ளி, மாலை 4:05

நேற்று கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுப் போய்ப் பார்த்தேன். அவர் முதலில் "யார் சொன்னது, எந்த அறை" என்று கேட்டார். நான் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், உட்காரச் சொல்லி மோர் வரவழைத்துக் கொடுத்தார். ஒரு வார்த்தை ஒப்புக்கொள்ளவில்லை. வாசல் வரைக்கும் வந்து அனுப்பினார். கட்டுப்பாட்டு அறைக்கும் போன் போட்டேன், மூன்றாவது தடவை எடுத்தார்கள், குறித்துக்கொண்டோம் என்றார்கள்.

இன்று காலையில் நிலையான படை வந்திருந்ததாம். அறையில் வேறு கண்காணிப்பாளர், வயதான அம்மா. மூன்று மணி நேரமும் உட்காராமல் நடந்துகொண்டே இருந்தாராம். பின் வரிசையில் இரண்டு பையன்கள் இவளை முறைத்துக்கொண்டு போனார்கள் என்றாள். இவளுக்குத்தான் விஷயம் தெரியும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியுமோ. திங்கட்கிழமை நானே கொண்டுபோய் விட்டு அழைத்து வரப் போகிறேன்.

வந்ததும் சாப்பிட்டாள். ஒரு மார்க்கில் இரண்டு சந்தேகம் என்கிறாள். பதினோராவது கேள்வியும் பதினேழாவதும். புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறாள்.

---

பழைய ஹெச்எம் · வெள்ளி, மாலை 4:31

நான் பொருளியல் எம்.ஏ. மணி நாலரை ஆகிவிட்டது, தேர்வு முடிந்த தாளைப் படமெடுத்துப் போடுவதில் இப்போது குற்றம் இல்லை. போடுங்கள், பதினோராவதைப் பார்ப்போம்.